புகையில் காய்ந்த மஞ்சள் கயிறு

பொன்னம்மா அக்கா என் சைக்கிளின் பின்சக்கரத்தை மடியில் கிடத்திக்கொண்டு, ரப்பர்ப் பால்மரம் வெட்டும் உளியால் டயரை நெடுக்கக் கிழித்தாள். உள்ளேயிருந்து லாலாங் புல் சுருள் சுருளாக வந்தது. அதற்குப் பின்னால் இரண்டு பிடி தேங்காய் நார். கடைசியில் ஒட்டுப்பால் துண்டு ஒன்று, புழுதி அப்பி, கருவாடுபோல.

"தம்பி, நீங்க சைக்கிள் ஓட்டிட்டு வந்தீங்களா, மாடு மேய்ச்சிட்டு வந்தீங்களா?"

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இன்னும் கிழிங்கக்கா. முழுசாக் கிழிங்க."

முழு வட்டமும் கிழிந்து முடிந்தது. நான் புல்லை உதறினேன், நாரைப் பிரித்தேன், ஒட்டுப்பால் துண்டைப் பல்லால் கடித்துக்கூடப் பார்த்தேன். இல்லை.

"என்னதான் தேடுறீங்க?"

"தாலி" என்றேன். "எங்கம்மா தாலி."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

ஒரு கெட்டிக்காரனின் வேலை

இந்தத் தொடரைப் புதிதாகக் கையில் எடுத்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர்களில் பாதிப் பேர் போன வாரம் படித்ததை மறந்திருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஜப்பான்காரன் ஆண்ட காலம். நான் ஜொகூர் பாருவில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவனாக இருந்தேன். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது இருக்கலாம். அம்மாவும் அப்பாவும் இல்லை. தம்பி அந்தோணி லாபிஸுக்கு இந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தான்.

ஒருநாள் லாரிக்காரர் ஒருவர் சேதி கொண்டுவந்தார். தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்கர், சொல்லி அனுப்பிய சேதி. சயாமில், அதாவது தாய்லாந்தில், ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள். திங்கட்கிழமை லாரி வருகிறது. பட்டியலில் அந்தோணியின் பெயர் இருக்கிறது. கல்யாணமானவர்களை விட்டுவிடுகிறார்களாம். நல்ல காலம், ஞாயிற்றுக்கிழமை சாமியார் தோட்டத்துக்குப் பூசைக்கு வருகிறார். ரோசம்மாவை அவனுக்கு நிச்சயம் செய்து எட்டு மாதமாகிறது. பெண்ணின் தகப்பன் ஒரே பேச்சில் நிற்கிறார்: மாப்பிள்ளை வீட்டுத் தாலி வந்தால்தான் பெண்ணைக் கோயிலில் நிறுத்துவேன்.

மாப்பிள்ளை வீடு என்றால் நான்தான். தாலி என்றால் அம்மா சாகும்போது என் கையில் வைத்துப்போன தாலி. நடுவில் புறா பொறித்த, கால் விரல் நகம் அளவு தங்கம். தட்டாரிடம் கொடுத்துப் பூந்திக்கொட்டையில் கழுவி வாங்கினேன். புது மஞ்சள் கயிற்றில் கோத்தேன். பளபளவென்றிருந்தது.

ரயிலில் இடம் கிடைக்காது. அச்சக முதலாளி யார் யாரையோ பிடித்து, ஒரு வாரத்துக்கு நடமாட எனக்கு ஒரு பாஸ் வாங்கித் தந்தார். உலு திராமில் இருந்த ஒரு நண்பன் சைக்கிளைக் கொடுத்தான். புதன்கிழமை விடியுமுன் தனியாகப் புறப்பட்டேன்.

ஈப்போவிலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார்: "அந்தக் காலத்தில் டியூப்பே கிடையாதே, எப்படி ஓட்டினீர்கள்?" நியாயமான கேள்வி ஐயா. டயருக்குள் கையில் கிடைத்ததைத் திணித்து ஓட்டினோம். சிலர் கயிறு, சிலர் தேங்காய் நார், சிலர் பழைய ரப்பர் குழாய். நான் ஒட்டுப்பால் திணித்தேன். மரத்தில் வெட்டின காயத்தில் வழிந்து காய்ந்துபோகும் ரப்பர்தான் ஒட்டுப்பால். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான், எனக்கா ரப்பரைப் பற்றித் தெரியாது என்ற திமிர்.

அந்தத் திமிரில்தான் தாலியையும் அதற்குள் வைத்தேன். வழியெல்லாம் சோதனைச் சாவடி. சிப்பாய் முன்னால் இறங்கிக் குனிந்து கும்பிட்டுத்தான் போகவேண்டும். கழுத்து, இடுப்பு, பை எல்லாம் தடவுவான். டயரைத் தடவுவானா? தாலியைத் துணியில் சுற்றிப் பின் டயரில் ஒட்டுப்பாலுக்கு நடுவே வைத்தபோது என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

புதன்கிழமை கூலாய் தாண்டியதும் வெயில் ஏறியது. புகையில் வேகாத ஒட்டுப்பால் சூட்டில் இளகும் என்பது என் திமிருக்குத் தெரியவில்லை. டயரின் ஒரு பக்கம் வாய் திறந்து துண்டு துண்டாக உதிர்ந்தது. கயிறு கட்டினேன். அது அறுந்தது. வியாழக்கிழமை காலையில் வழியில் கிடைத்த தேங்காய் நாரையும், சாலையோரத்தில் பிடுங்கின லாலாங்கையும் திணித்தேன். ஒரு பக்கம் புல்லைத் திணிக்கத் திணிக்க, மறு பக்கம் அம்மா தாலி ரோட்டில் விழுந்திருக்கிறது. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது எனக்காகவே சொன்னது.

சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் பின்சக்கரம் உருளவே மறுத்தபோது சாலையை ஒட்டி இந்தத் தோட்டத்து லயம் தெரிந்தது. பொன்னம்மா அக்காவைப் பார்த்தது அங்கேதான்.

"நாளைக்கு நீங்க எங்கயும் போகல"

நாற்பது வயதுக்காரி. கட்டைக் குரல். அவள் புருஷன் சண்டைக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டான். தோட்டத்தில் துரை இல்லை, ரப்பர் வாங்க ஆளும் இல்லை. ஆனாலும் தினம் நாற்பது ஐம்பது மரம் வெட்டிக்கொண்டிருந்தாள். கெட்டியான ரப்பரைச் சுருட்டிக் கொளுத்தித்தான் லயத்தில் விளக்கு எரிந்தது.

நான் எழுந்து துண்டை உதறினேன்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"கூலாய்ப் பக்கம் திரும்பி நடந்து தேடப்போறேன்."

"எத்தன மைலு?"

"இருபது இருக்கும்."

"ரோட்டுல தங்கம் கெடந்தா நீங்க வர்ற வரைக்கும் கண்ண மூடிக்கிட்டு எல்லாரும் போவாங்களா? அலமாக், படிச்ச புள்ள மாதிரி இருக்கீங்க."

அப்படியானால் வெறும் ரிம்மிலேயே ஓட்டிக்கொண்டு இப்போதே வடக்கே போகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குள் நான் அங்கே இருந்தாக வேண்டும். தாலியில்லாமல் போய் நின்றாலும், பெண்ணின் தகப்பன் காலில் விழுவதற்காவது நேரத்தில் போய் நிற்கவேண்டும். இதையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். சயாம் லாரி, பட்டியல், கல்யாணமானவனை விட்டுவிடுவது, எல்லாம்.

பொன்னம்மா அக்கா வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்தாள். கதவோரத்தில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி மரவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு.

"என் தம்பி பொண்டாட்டி, வள்ளி" என்றாள் அக்கா. "தம்பி சயாமுக்குப் போயிருக்கான். போன மாசம்."

அந்தப் பெண் தலையைத் தூக்கவில்லை.

பொன்னம்மா அக்கா என் பின்சக்கரத்தைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். பால் ஸ்டோரில் அன்றைய பால் உறைந்து இருக்கிறது. திராவகம் கிடைக்காததால் புளித்த இளநீர் ஊற்றி உறைய வைத்தது. அதை உருளையில் போட்டுத் தகடாக்கி, கயிறாக முறுக்கி, புகை வீட்டில் தொங்கவிடவேண்டும். சாதாரணமாகத் தகடு காய நாலு நாள் ஆகும். மெல்லிசாக முறுக்கி நல்ல புகை கொடுத்தால் சனிக்கிழமை விடியலுக்குள் ஒட்டாத பதம் வந்துவிடும். அதை டயருக்குள் வைத்தால் செகாமட் வரைக்கும் போகலாம்.

"நாளைக்குக் காலையிலயே குடுத்திடுங்கக்கா."

"அரை வேக்காட்ட வச்சுத்தானே இப்ப இங்க உக்காந்திருக்கீங்க? நாளைக்கு நீங்க எங்கயும் போகல. சக்கரம் புகை வீட்டுல இருக்கும். சாவி என் இடுப்புல இருக்கும்."

"தாலிக்கு என்ன செய்யறது?"

நடந்துகொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள்: "மரம் குடுக்கும்."

ஓய்வு என்ற கஷ்டம்

என் வாழ்நாளில் நான் பட்ட பாடுகளில் அந்த வெள்ளிக்கிழமை ஓய்வுக்குத் தனி இடம் உண்டு. மிதிப்பது கஷ்டமில்லை. மிதிக்கும்போது மைல்கல் நகர்கிறது, மனசுக்கு ஒரு சமாதானம். உட்கார்ந்திருக்கும்போது மைல்கல்லெல்லாம் இருந்த இடத்திலேயே இருந்து என்னைப் பார்த்தன.

விடிந்தது. எத்தனை மணி என்று கேட்டால் எந்த மணி என்று கேட்கவேண்டிய காலம் அது. டோக்கியோவில் என்ன மணியோ அதுதான் நமக்கும் என்று சட்டம். ஜப்பான் மணி எட்டாகியும் காட்டில் இருட்டு போயிருக்காது. பழைய மணிக்கே கூவிக்கொண்டிருந்தவை கோழிகள் மட்டும்தான். அவற்றையும் பாதிக்கு மேல் தின்றாகிவிட்டது.

எழுந்து நிற்கப் பார்த்தேன், முழங்கால் மடங்கவில்லை. தொடை இரண்டும் சீட்டில் உரசிப் புண்ணாகியிருந்தன. உள்ளங்கை தோலுரிந்திருந்தது. இரண்டு நாளாக இதெல்லாம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. உட்கார்ந்ததும் ஒவ்வொன்றாக வந்து ஆஜர் கொடுத்தது.

"பசியாறுங்க" என்று அவித்த மரவள்ளியை வைத்தாள் பொன்னம்மா அக்கா. தொட்டுக்கொள்ள மிளகாயும் துளி உப்பும். அந்தக் காலத்தில் உப்பு வைத்தவர்களை மறக்கக்கூடாது. நான் மறக்கவில்லை.

"எனக்கு உக்காந்திருக்க முடியலக்கா. ஏதாவது வேலை குடுங்க."

"உங்க காலுக்கு இன்னிக்கு வேலை கெடையாது. கண்ணுக்கும் கைக்கும் வேணும்னா தரேன்."

அவள் புகை வீட்டைத் திறந்துவிட்டுக் கொடுத்த வேலை, அங்கே அடுப்பைப் பார்த்துக்கொள்வது. தீ எரியக்கூடாது, அணையவும் கூடாது. பச்சை ரப்பர் விறகை ஒன்றொன்றாகத் தள்ளவேண்டும். மேலே மூங்கில் கழிகளில் ரப்பர் கயிறு கொடிக் கொடியாகத் தொங்கியது. அரை மணிக்கு ஒரு தரம் திருப்பிப் போடவேண்டும். கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. புகைதானே என்று நினைத்து யாரும் எதுவும் கேட்கவில்லை. அதைச் சாக்காக வைத்து அம்மாவின் தாலிக்காக நன்றாக அழுதேன். அவள் அதைக் கழற்றியபோது கழுத்தில் வெள்ளையாக ஒரு கோடு இருந்தது, அது கண்முன் வந்துகொண்டே இருந்தது.

வெயில் உச்சிக்கு வந்தபோது தாங்க முடியாமல் எழுந்துபோய்த் தொங்கும் கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். ரப்பர் விரலில் ஒட்டியது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். அதன்பின் முடிவு செய்துகொண்டேன்: இன்று ஓய்வெடுப்பதுதான் என் வேலை, அதை ஒழுங்காகச் செய்வேன். மதியம் லயத்தில் பாயை விரித்துப் படுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தூங்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டு தூங்க முடியுமா என்று கேட்காதீர்கள். முடியும்.

ரெண்டு கோடு

எழுந்தபோது பொன்னம்மா அக்கா வாசலில் உட்கார்ந்து எதையோ செதுக்கிக்கொண்டிருந்தாள். முன்பே நன்றாகப் புகை ஏறி, கெட்டியாகித் தேன் நிறத்துக்கு வந்திருந்த ரப்பர் தகட்டில் ஒரு துண்டு. கையில் அதே உளி. மரத்தின் பட்டையை முடி அளவு கனத்தில் சீவிப் பழகின கை அது.

"உங்க தாலியில என்ன இருக்கும்?"

"புறா."

"புறாவெல்லாம் எனக்கு வராது. சிலுவை வரும். ரெண்டு கோடுதானே?"

செதுக்கி முடித்து என் உள்ளங்கையில் வைத்தாள். மேலே வளைந்து கீழே கூம்பிய சின்ன வில்லை. நடுவில் சிலுவை. கோத்துக்கொள்ள ஒரு துளை. கனமே இல்லை. மூக்கருகே கொண்டுபோனால் விறகுப் புகை வாசம் அடித்தது.

எங்களில் யாரும் ரப்பரில் தாலி கட்டிக் கேள்விப்பட்டதில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. "உங்களுக்கு இது பாவமில்லையாக்கா? நீங்க மாரியாத்தாவக் கும்பிடுறவங்க" என்றேன்.

"பால் வடியற மரம் தம்பி, அதுக்கு என்ன சாமி? பேசாம வச்சுக்கங்க."

கயிற்றுக்கு அவளுடைய பழைய வெள்ளைச் சேலையிலிருந்து நூல் பிரித்து முறுக்கினாள். லயத்துக்குப் பின்னால் தோண்டியெடுத்த மஞ்சளை அரைத்துக் கிண்ணத்தில் கரைத்து அதில் ஊறவைத்தாள். சாயங்காலம் எடுத்தபோது கயிறு பளிச்சென்று இருந்தது. இரண்டு நாளில் முதல்முறையாக எனக்கு நெஞ்சு லேசானது. தங்கம் போனாலும் மங்கலமான மஞ்சள் கயிறாவது கையில் இருக்கிறது.

காயட்டும் என்று கொடியில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் கொடியில் கயிறு இல்லை.

புகை வீட்டுக்குள் வள்ளி நின்றிருந்தாள். கயிற்றை அடுப்புக்கு நேர் மேலே, புகை கனமாக எழும்பும் இடத்தில் தொங்கவிட்டிருந்தாள். போதாததற்கு அடுப்புக்கரியை விரலில் தொட்டுக் கயிறு நெடுக உருவிக்கொண்டிருந்தாள். பாதிக் கயிறு பழுப்பாகிவிட்டது.

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ. "உனக்குப் புத்தி இருக்கா? கல்யாணக் கயித்துல கரியப் பூசுறியே! உனக்கு நடந்தது எங்க வீட்டுக்கும் நடக்கணுமா?" என்று கத்தினேன்.

இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னவன் நான்தான், எழுதவேண்டியவனும் நான்தான்.

பொன்னம்மா அக்கா ஓடிவந்தாள். வள்ளி அழவில்லை. என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"திங்கக்கெழமை லாரி போற வரைக்கும் அந்தப் பொண்ணு கழுத்துல தண்ணி படக்கூடாது. மஞ்ச பூசக்கூடாது. சொல்லிடுங்கண்ணே."

பொன்னம்மா அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள். வள்ளி வெளியே போனபின் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "என் தம்பி போன நாள்லேருந்து இந்தப் புள்ள ஒரு வார்த்த பேசல. இன்னிக்கு வாயத் தெறந்திருக்கா. ஏன் சொல்றான்னு எனக்கும் தெரியல. ஆனா அவ சொன்னபடி செய்யுங்க. சத்தியம் பண்ணுங்க."

செய்தேன். மனசில்லாமல்தான் செய்தேன்.

மூன்று ஓலை, ஒரே மூச்சு

சனிக்கிழமை விடியலில் டயருக்குள் ரப்பர் கயிறு நெருக்கமாக உட்கார்ந்தது. கிழித்த வாயைச் சாக்கு நூலால் தைத்துக் கட்டினோம். தாலியை இந்த முறை டயரில் வைக்கவில்லை. சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டேன். ஆயர் ஈத்தாம் சாவடியில் சிப்பாய் அதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டான். ரப்பரை யார் திருடுவார்கள்?

ஒரு நாள் ஓய்ந்த கால் என் பேச்சைக் கேட்டது. யோங் பெங் தாண்டி ஒரு சீனர் தோட்டத்துக் குடிசையில் படுத்து, இருட்டோடு எழுந்து மிதித்தேன். பூசை மணி அடிக்கும்போது தோட்டத்துக் கோயில் வாசலில் இறங்கினேன். அந்தோணி ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டான்.

முறைப்படி மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்கவேண்டும். இந்தக் கல்யாணத்தில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்பது. சாமியார் மூன்று ஓலையையும் ஒரே மூச்சில் வாசித்தார். ஆட்சேபம் சொல்ல ஒருவன் வாயைத் திறந்திருந்தாலும் கொட்டாவி விடத்தான் நேரம் இருந்திருக்கும். தாலியை மந்திரிக்க எடுத்தவர் முகர்ந்து பார்த்தார்.

"இதென்ன?"

"சிலுவைதான் சாமி."

பெண்ணின் தகப்பன் முகம் சுருங்கியது. ரோசம்மாதான் முந்திக்கொண்டாள். "அவங்க வீட்டுத் தாலி வந்துருச்சுல்ல? கட்டச் சொல்லுங்கப்பா." நிமிர்ந்து நின்று கட்டிக்கொண்டாள். வள்ளி சொன்னதைச் சொன்னேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் அன்று குளிக்காமல் இருந்தாள். அவள் சேலையும் பழையது, கயிறும் பழையதுபோல இருந்தது. கல்யாணப் பெண் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அதே பூசையில் வேறு இரண்டு ஜோடிகளுக்கும் கல்யாணம் நடந்தது. அவர்களுக்கு முறையான தங்கத் தாலி, முறையான மஞ்சள் கயிறு. எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை

பெரட்டுக் களத்தில், அதாவது தினம் ஆள் கணக்கெடுக்கும் திடலில், எல்லோரையும் நிறுத்தினார்கள். லாரி நின்றுகொண்டிருந்தது. கிராணி பட்டியல் படித்தார். கல்யாணமானவன் என்று சொன்னவனெல்லாம் பெண்டாட்டியைப் பக்கத்தில் நிறுத்தவேண்டும்.

ஜப்பான் அதிகாரி நடந்து வந்தான். முதல் பெண்ணின் கழுத்துக் கயிற்றை இரண்டு விரலில் பிடித்துத் தேய்த்தான். விரலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். விரலில் மஞ்சள். ஏதோ ஒரு சொல் சொன்னான்.

"நேத்து" என்றான் மொழிபெயர்ப்பாளன்.

அவள் புருஷனை லாரியில் ஏற்றினார்கள். அடுத்த ஜோடி. அதே விரல், அதே மஞ்சள், அதே சொல். அந்தப் பெண் மண்ணில் விழுந்து புரண்டாள். அவனையும் ஏற்றினார்கள்.

ரோசம்மாவின் முன் வந்து நின்றான். கயிற்றைப் பிடித்தான், தேய்த்தான், விரலைப் பார்த்தான். விரலில் கரி. தாலியைத் தூக்கிப் பார்த்தான். புகை நாற்றம் பட்டு மூக்கைச் சுளித்தான். கால்சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு அடுத்தவளிடம் போய்விட்டான்.

அந்தோணி என் தம்பி. அவன் பிழைத்ததில் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கமாட்டேன். ஆனால் லாரியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த இரண்டு பேரின் முகமும் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. லாரி போன புழுதியில்தான் எனக்கு விளங்கியது, வள்ளியின் புருஷனை எப்படிப் பிடித்தார்கள் என்று.

சண்டை முடிந்தபின் அந்தோணி தங்கத்தில் தாலி செய்து போட்டான், புறாவோடு. ரோசம்மா அதைப் போட்டுக்கொண்டாள், பக்கத்திலேயே இந்த ரப்பர் வில்லையையும் கோத்துக்கொண்டாள். "இதத்தான் ஜப்பான்காரனே பார்த்து ஒத்துக்கிட்டான்" என்பாள்.

வள்ளி கேட்டது

செவ்வாய்க்கிழமை திரும்பப் புறப்பட்டேன். பாஸ் அன்றோடு முடிகிறது. ஆனாலும் சிம்பாங் ரெங்கம் வந்ததும் லயத்தின் பக்கம் சைக்கிளைத் திருப்பினேன். புதன்கிழமை மதியம் அது.

வள்ளி பால் ஸ்டோர் வாசலில் வாளி கழுவிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் முன்னால் போய் நின்றேன்.

"என்ன மன்னிச்சிரும்மா. அன்னிக்குச் சொல்லக்கூடாதத சொல்லிட்டேன். என் தம்பி வீட்டுல இருக்கான்."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "விரல்ல தேச்சானா?"

"தேச்சான்."

"என் கழுத்துலயும் அப்படித்தான் தேச்சான்" என்றாள். "முந்தின நாள்தான் கட்டுனாரு."

பொன்னம்மா அக்கா ஸ்டோர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரட்டில் தூரத்தில் நின்ற அவளுக்கும் கயிற்றைத் தேய்த்துப் பார்த்தது அப்போதுதான் தெரிகிறது.

"எத்தன பேர ஏத்துனாங்கண்ணே?"

"பதினோரு பேர்."

"அதுல புதுக் கயிறு?"

"ரெண்டு."

வள்ளி வாளியைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"அவங்களுக்கு யாரும் சொல்லலையா?"

குற்றம் சாட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தண்ணீரும் மஞ்சளும் ஏன் படக்கூடாது என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை. தெரியாதவன் எப்படிச் சொல்வேன்? இப்படியெல்லாம் பதில் இருந்தது. ஒன்றையும் நான் சொல்லவில்லை.

"இனிமே சொல்லுவேன்" என்றேன்.

அன்றைக்கே ஜொகூர் பாருவுக்கு மிதித்திருக்கவேண்டும். முடிந்துபோன பாஸோடு பிடிபட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பெரிய சாலையை விட்டு, பால்மரங்களுக்கு நடுவே போகும் மண்பாதையில் சைக்கிளை இறக்கினேன். முதல் லயம் வந்தது. இறங்கினேன். கிணற்றடியில் இரண்டு பெண்கள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, இங்க யாருக்காவது அவசரக் கல்யாணம் வச்சிருக்காங்களா?" என்று கேட்டேன்.

லயம் லயமாக இறங்கி, கூலாய் போய்ச் சேர எனக்கு மேலும் நாலு நாள் ஆனது.